நுனி கருகும் பெரணியும் கண்ணாடிப் பெட்டியும்

வீட்டுக்குள் வைத்த பெரணியில் முதலில் கருகுவது இலை நுனிதான். பெரணியின் இலைத்தோல் மெல்லியது. காற்று வறண்டால் நீரை வேகமாக இழந்துவிடும். வேரிலிருந்து ஏறும் நீர் கடைசியாகச் சென்று சேரும் இடம் நுனி என்பதால் பற்றாக்குறையும் அங்கேதான் முதலில் தெரியும். நீரில் கரைந்து வரும் உப்பும், நீர் ஆவியான பின் அங்கேயே தங்கிவிடும்.

வறண்ட காற்று மட்டுமல்ல, புகையும் பெரணிக்கு ஆகாது. லண்டனின் கிழக்குப் பகுதியில் மருத்துவராக இருந்த நத்தானியேல் வார்டின் பெரணிகளை நிலக்கரிப் புகை கொன்றது. 1829இல் அவர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்தார். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, மறுபடி மண்ணுக்கே வடிந்தது. அந்த மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்தன. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவை தண்ணீர் ஊற்றாமலே வாழ்ந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே புகுந்த பிறகே அழுகின. 1833இல் அந்தப் புட்டியின் முறையில் செய்த கண்ணாடிப் பெட்டிகள் இரண்டு சிட்னிக்குக் கப்பலேறின. உள்ளே இருந்த செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன.

பெரணிக்காகப் பிறந்த பெட்டி பிறகு வணிகத்துக்கு உழைத்தது. சீனத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சாரலுக்கு வந்தது இதில்தான். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 ரப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்ததும் இதில்தான். மலாயாவில் ரப்பர் பெருகியபோது அதில் முதலிட்டோரில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் உண்டு. பர்மாவில் வட்டிக்கு விட்ட பணத்தோடு ரப்பர்ப் பணமும் சேர்ந்து செட்டிநாட்டு வீடுகளாக நின்றது. வார்டின் புட்டிக்கும் செட்டிநாட்டு ஊரான கோட்டையூரின் வீட்டு முற்றத்துக்கும் இப்படி ஒரு சுற்றுவழி உறவு.

இங்கிலாந்தில் பெரணி மோகம் தலைக்கேற, 1855இல் எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லி அதற்கு ஒரு நோயின் பெயரையே சூட்டினார். தென்னிந்தியப் பெரணிகளை வனத்துறை அதிகாரி பெடோம் 1863–64இல் படங்களோடு நூலாக்கினார். அவற்றில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரநிழலைச் சேர்ந்தவை. சமவெளியில் பெரணி இனத்தின் அறிமுகமான முகம் கண்மாய்க் கரையின் ஆரைக்கீரை. இன்று நர்சரிகளில் விற்கும் பாஸ்டன் பெர்ன், 1894இல் பிலடெல்பியாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன செடிகளுக்கிடையே தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்டது. மற்றப் பெரணிகளைவிட வறட்சியைச் சற்றே தாங்கும் என்பதால்தான் அது வீட்டுக்கூடங்களைப் பிடித்துக்கொண்டது.

கோட்டையூரின் சித்திரை வெயிலில் அந்தத் தாங்குதிறனும் போதாது. ஆனால் ஊரின் பழைய வீடுகள் மழையை நம்பிக் கட்டியவை. நாட்டு ஓட்டுக் கூரையில் விழும் மழை வழிந்து முற்றத்துக்கு வரும். அதை அண்டாக்களில் பிடித்து வைப்பது வழக்கம். பெரணிக்கு ஏற்ற நீர் அதுவே. போர்வெல் தண்ணீரே தொடர்ந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும்; நுனி கருகுவதும் தொடரும். அப்போது மண் வழியே மழைநீரை நிறைய ஊற்றி அடியில் வடியவிட வேண்டும். முற்றத்தை ஒட்டிய சுற்றுத் தாழ்வாரத்தில் வெயில் நேரே படாத தூணடி செடிக்கு ஏற்ற இடம். ஏசி அறையும் மின்விசிறிக்கு நேர் கீழும் ஆகாது. மண் ஈரமாக இருக்கலாம், சேறாக இருக்கக் கூடாது: வேர் அழுகினாலும் நுனி கருகத்தான் செய்யும்.

கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. கத்தரியால் அதை மட்டும் நறுக்கலாம். முழுதும் காய்ந்த இலையை அடியோடு வெட்டினால் சுருண்ட புதுக்குருத்துக்கு இடம் கிடைக்கும். இலையின் அடிப்புறத்தில் வரிசை பிசகாமல் இருக்கும் பழுப்புப் புள்ளிகள் மட்டும் நோயல்ல, வித்துத்தூள் பைகள். பூச்சியென்று நினைத்து மருந்தடிப்பவர்களும் இருக்கிறார்கள்.