குரல்வழிக் கராஜ் கதவு

குரல்வழிக் கராஜ் கதவு என்பது, வீட்டோடு ஒட்டிய கார் நிறுத்துமிடத்தின் கதவை அலெக்சா, சிரி, கூகுள் அசிஸ்டென்ட் போன்ற குரல் உதவியாளர்களிடம் சொல்லியோ, முன்கூட்டியே எழுதிவைத்த தானியங்கி விதிகள் மூலமாகவோ இயக்கும் ஏற்பாடு. அமெரிக்கா, கனடா நாடுகளின் தனிவீடுகளில் இது அதிகம் புழங்குகிறது. அங்கே பல குடும்பங்களுக்குத் தலைவாசலைவிட கராஜ் கதவுதான் அன்றாட வாசல். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் உள்கதவைப் பூட்டாமலே விட்டுவிடுபவர்களும் நிறைய. அதனால் கராஜைத் திறப்பது பெரும்பாலும் வீட்டையே திறப்பதாக ஆகிவிடுகிறது. விளக்கைப் போடச் சொல்வதற்கும் இந்தக் கதவைத் திறக்கச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மேலே தூக்கித் திறக்கும் கராஜ் கதவை 1921-இலும், அதை இயக்கும் மின் மோட்டாரை 1926-இலும் அமெரிக்கரான சி. ஜி. ஜான்சன் உருவாக்கினார். ரேடியோ ரிமோட் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. தொடக்க கால ரிமோட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான சமிக்ஞைதான் போனது என்பதால், ஒருவர் பொத்தானை அழுத்தினால் பக்கத்து வீட்டுக் கதவும் சேர்ந்து திறக்கும். இதைத் தவிர்க்க ரிமோட்டுக்குள் குட்டிச் சுவிட்சுகளை வைத்தார்கள். எட்டுச் சுவிட்ச் என்றால் 256 குறியீடுகள், பன்னிரண்டு என்றால் 4,096. கேட்கப் பெரிய எண்ணிக்கையாகத் தெரியும். ஆனால் 2015-இல் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி கம்கார், குழந்தைகளின் விளையாட்டுச் சாதனம் ஒன்றை மாற்றியமைத்து, இத்தகைய கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறக்க முடியும் என்று செய்து காட்டினார். 1990-களிலேயே ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் முறை வந்துவிட்டது. இருந்தும் பழைய மோட்டார்கள் இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஓடுகின்றன. யாரும் அவற்றை அவசரப்பட்டு மாற்றுவதில்லை.

இயங்கும் விதம்

கராஜ் கதவின் எடையைத் தாங்குவது மோட்டார் அல்ல. கதவுக்கு மேலே முறுக்கிவைத்த ஸ்பிரிங்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது; மோட்டார் கதவை நகர்த்த மட்டும் செய்கிறது. சுவரில் இருக்கும் பொத்தானிலிருந்து மெல்லிய இரண்டு கம்பிகள் மோட்டார் பெட்டியின் இரு திருகுகளுக்குப் போகின்றன. பொத்தானை அழுத்தினால் அந்த இரு கம்பிகளும் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும், கதவு நகரும். தனியாக வாங்கிப் பொருத்தும் ஸ்மார்ட் கருவி செய்வதும் இதையேதான். அதே இரு திருகுகளில் தன் கம்பிகளை மாட்டிக்கொண்டு, ஃபோனிலிருந்தோ குரல் உதவியாளரிடமிருந்தோ கட்டளை வந்ததும் உள்ளே இருக்கும் ரிலே என்ற மின்சுவிட்ச் 'டிக்' என்று ஒருமுறை இணைந்து விலகும்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. அந்தப் பொத்தானுக்குத் 'திற', 'மூடு' என்ற பேதம் கிடையாது. மூடியிருந்தால் திறக்கும், திறந்திருந்தால் மூடும், பாதியில் நின்றிருந்தால் எதிர்ப்பக்கம் போகும். 'கராஜை மூடு' என்று சொல்லும்போது கதவு ஏற்கெனவே மூடியிருந்தால், ரிலே இணைந்ததும் அது திறந்துகொள்ளும். ஆகவே கதவின் நிலையைச் சொல்லும் சென்சார் இல்லாத குரல் கட்டுப்பாடு அரைகுறை ஏற்பாடுதான். கதவின் மேல் பலகையில் ஒட்டும் சாய்வுச் சென்சார், பலகை நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். கதவுச் சட்டத்தில் வைக்கும் காந்தச் சென்சார், கதவு முழுதாக மூடியதா என்பதை மட்டும் சொல்லும். மூடியதை உறுதிசெய்யக் காந்தமே நம்பகமானது என்று கொள்ளலாம். தரைக்குச் சற்று மேலே கதவு நின்றுபோனாலும் சாய்வுச் சென்சார் அதை மூடியதாகவே காட்டக்கூடும்.

2011 வாக்கில் வந்த சில மோட்டார்களில் சுவர்ப் பொத்தானே மின்னணுச் செய்தி அனுப்பத் தொடங்கியது. அவற்றில் கம்பிகளைத் தொடச் செய்து பயனில்லை. அத்தகைய வீடுகளில் உபரி ரிமோட் ஒன்றைப் பிரித்து, அதன் பொத்தானடியில் கம்பியைப் பற்றவைத்து ரிலேயோடு இணைப்பது கைவினைப் பிரியர்கள் கண்டுபிடித்த வழி.

பாதுகாப்பு விதிகள்

இறங்கும் கதவின் கீழ் சிக்கிக் குழந்தைகள் இறந்த சம்பவங்களைத் தொடர்ந்து, 1993 தொடக்கத்திலிருந்து தயாராகும் வீட்டு மோட்டார்களுக்கு அமெரிக்க அரசு கடும் விதிகளை வகுத்தது. கதவு எதன்மீதாவது இடித்தால் இரண்டு விநாடிக்குள் திரும்ப மேலேற வேண்டும். அதோடு, கதவின் இருபுறமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் ஒளிக்கதிர்ச் சென்சார் வைப்பது வழக்கமானது. கதிரை யாராவது மறித்தால் கதவு இறங்காது. தவழும் குழந்தையைக்கூடத் தவறவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு தாழ்வான உயரம்.

குரல் கட்டளையும் ஃபோன் கட்டளையும் வந்தபோது கூடுதலாக ஒன்று தேவைப்பட்டது. சுவர்ப் பொத்தானை அழுத்துபவர் கதவைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். அலுவலகத்திலிருந்து மூடச் சொல்பவருக்கு அது முடியாது. ஆகவே பார்வைக்கு அப்பாலிருந்து மூடும்போது, கதவு அசைவதற்குக் குறைந்தது ஐந்து விநாடி முன்பே ஒலியும் மின்னும் ஒளியும் எச்சரிக்க வேண்டும் என்று கதவு மோட்டார்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரநிலையான யுஎல் 325 சொல்கிறது. அந்த ஒலி தொல்லையாக இருக்கிறது என்று ஒலிபெருக்கியைக் கழற்றிவிடுவோர் உண்டு. சிறு குழந்தைகளோ வளர்ப்பு விலங்குகளோ உள்ள வீட்டில் அதைச் செய்யவே கூடாது.

குரலும் அடையாளமும்

மூடுவதற்குக் குரல் மட்டும் போதும், திறப்பதற்கு ரகசிய எண்ணும் சொல்ல வேண்டும் என்பதே அலெக்சாவில் உள்ள நடைமுறை. சிரியிடம் திறக்கச் சொன்னால் ஐஃபோன் பூட்டு நீக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டில் சிரியின் முறையே மேல். ரகசிய எண்ணை வாய்விட்டுச் சொன்னால், அறையில் இருக்கும் விருந்தாளிக்கும் அது தெரிந்துவிடும்.

2019-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தையும் டோக்கியோவின் மின்தொடர்புப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், பேச்சே இல்லாமல் லேசர் ஒளியால் குரல் உதவியாளருக்குக் கட்டளையிட முடியும் என்று காட்டினார்கள். ஒளியின் செறிவைப் பேச்சலைபோல ஏற்றி இறக்கி மைக்கின்மீது பாய்ச்சினால், மைக் அதைக் குரலாக எடுத்துக்கொள்கிறது. 110 மீட்டர் தூரத்திலிருந்தும் இது பலித்தது. கண்ணாடி ஜன்னலும் தடையாகவில்லை. கராஜ் கதவைத் திறப்பதும் அவர்கள் சுட்டிய அபாயங்களில் ஒன்று. குரல் ஸ்பீக்கரை ஜன்னலுக்கு நேரே வைக்காதிருப்பது இதற்கு எளிய தற்காப்பு.

மூடுவது எளிதாகவும் திறப்பது கடினமாகவும் இருக்க வேண்டும் என்ற அளவுகோல் தானியங்கி விதிகளுக்கும் பொருந்தும். இரவு பத்து மணிக்குக் கதவு திறந்திருந்தால் மூடு என்பது மிகப் பயனுள்ள விதி. ஃபோன் வீட்டை நெருங்கியதும் தானே திற என்பது ஆபத்தான விதி. இருப்பிடக் கணிப்பு சற்றுத் தடுமாறினாலும், ஆள் படுக்கையில் இருக்கும்போதே 'வெளியே போய்த் திரும்பினார்' என்று கணக்காகி நள்ளிரவில் கதவு திறந்துவிடும்.

நிறுவனத்தின் கையில் சாவி

பெரும்பாலான கருவிகள் தயாரிப்பாளரின் சர்வர் வழியாகவே இயங்குகின்றன. நெக்ஸ் என்ற நிறுவனத்தின் ஸ்மார்ட் கராஜ் கருவிகள் அனைத்துக்கும் ஒரே பொதுக் கடவுச்சொல் இருந்ததும், அதைக் கொண்டு உலகின் எந்த மூலையிலிருந்தும் பிறர் கதவைத் திறக்க முடியும் என்பதும் 2023 ஏப்ரலில் வெளியாயின. அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையும் எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் கராஜ் மோட்டார் தயாரிப்பாளரான சேம்பர்லெயின் நிறுவனம், கதவை ஃபோனிலிருந்து இயக்கும் தன் மைக்யூ சேவையை அனுமதி பெறாத வெளி மென்பொருள்கள் அணுகுவதைத் தடுத்தது. இதையடுத்து ஹோம் அசிஸ்டென்ட் என்ற திறந்தநிலை மென்பொருளில் மைக்யூ இணைப்பே நீக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய கதவுக்குத் தான் விரும்பிய மென்பொருளை இணைக்க முடியாது என்பது பயனர்களுக்குப் பெரும் ஏமாற்றம். அவர்களில் பலர் ராட்கிடோ போன்ற சிறு கருவிகளுக்கு மாறினார்கள். மோட்டாரின் கம்பிகளில் நேரடியாக இணைந்து அதன் மின்னணு மொழியிலேயே பேசும் இந்தக் கருவிக்கு வெளி சர்வர் வேண்டியதில்லை. வீட்டுக் கருவிகளுக்கான பொதுத் தரநிலையான மேட்டர் 2022 அக்டோபரில் வெளிவந்தபோது அதில் கராஜ் கதவுக்கு இடம் இருக்கவில்லை.

மின்தடை

2017 அக்டோபரில் வட கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது மின்சாரம் போனதால், கராஜ் கதவைத் திறக்க முடியாமல் சிக்கி இறந்தவர்கள் உண்டு. அதன்பின் இயற்றப்பட்ட சட்டப்படி, 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் விற்கும், பொருத்தும் வீட்டு மோட்டார்களில் பேட்டரி இருந்தாக வேண்டும். ஆனால் பேட்டரி காப்பாற்றுவது மோட்டாரை மட்டுமே. வைஃபை ரூட்டர் அணைந்துவிட்டால் குரல் கட்டளை போய்ச் சேராது. சுவர்ப் பொத்தானை அழுத்த வேண்டும். அதுவும் வேலை செய்யாவிட்டால், கூரையடியில் உள்ள மோட்டார் தண்டவாளத்திலிருந்து தொங்கும் சிவப்புப் பிடியுள்ள கயிற்றை இழுத்துக் கதவை மோட்டாரிலிருந்து விடுவித்துக் கையால் தூக்க வேண்டும். கதவு மூடியிருக்கும்போதே கயிற்றை இழுப்பது நல்லது. ஸ்பிரிங் பழுதான கதவு திறந்த நிலையில் விடுபட்டால் முழு எடையோடு கீழே விழும்.