கைரேகையும் பள்ளிக்கூடமும்: கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றுப் பின்னணியில் கள்ளர் சீரமைப்பும் நன்னடத்தைச் சட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

குற்றவாளிகளைச் சிறைக்கு வெளியே, சமூகத்துக்குள் வைத்தே திருத்தும் முயற்சிக்குத் தமிழகத்தில் இரு முன்னோடிகள் உண்டு. ஒன்று, குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் நிழலில் உருவான கள்ளர் சீரமைப்பு. மற்றொன்று, 1936ஆம் ஆண்டின் சென்னை நன்னடத்தைச் சட்டம். அளித்த உதவிகளால் அன்றி, எவரிடம் தொடங்கின, எப்போது முடிந்தன என்பதனாலேயே இவை வேறுபடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிறமலைக் கள்ளர், கைரேகைச் சட்டம், சீரமைப்பு, நன்னடத்தைக் கண்காணிப்பு, சீர்மரபினர்

முன்னுரை

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் செல்லும் சாலையில் அமைந்த அனுமந்தன்பட்டி முதலான ஊர்கள் முல்லைப் பெரியாற்று நீரால் வளம் பெற்றவை. 1895இல் பெரியாறு அணை நீர் திறக்கப்பட்டபின் இப்பள்ளத்தாக்கில் நெல் வேளாண்மை வலுப்பெற்றது. ஆண்டிப்பட்டிக் கணவாய்க்குக் கிழக்கே உள்ள உசிலம்பட்டி வட்டாரமோ பெரிதும் மழையை நம்பிய மானாவாரி நிலம். அவ்வட்டாரத்தைத் தாயகமாகக் கொண்ட பிறமலைக் கள்ளர் பலர் மேற்கே நகர்ந்து இப்பள்ளத்தாக்கிலும் குடியமர்ந்தனர். இன்று தேனி மாவட்டத்தில் ‘அரசு கள்ளர்’ என்ற அடைமொழியுடன் இயங்கும் பள்ளிகள் அம்மக்களின் வரலாற்றோடு பிணைந்தவை. காவல்துறைக்கென இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் அருகே பள்ளிக்கூடங்கள் எவ்வாறு தோன்றின என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

பதிவேடும் எதிர்ப்பும்

காலனிய ஆட்சிக்கு முன்பிருந்தே மதுரைப் பகுதிக் கள்ளர் ஊர்க்காவல் உரிமை பெற்றிருந்தனர். களவு போன மாட்டை மீட்டுத் தருவதற்குத் துப்புக்கூலி பெறும் வழக்கமும் இருந்தது. தனக்கென ஒரு காவல்துறையை நிறுவிய ஆங்கில அரசு, இவ்வுரிமையை அச்சுறுத்திப் பணம் பறிக்கும் செயலாகவே கண்டது. 1896ஆம் ஆண்டையொட்டிக் கள்ளர் காவலுக்கு எதிராகக் குடியானவர்கள் நடத்திய இயக்கம் அப்பார்வைக்கு வலுச்சேர்த்தது.

1871இல் வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்த வடிவில் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. 1914இல் கீழக்குடிக் கள்ளர் மீதும், 1918 அளவில் பிறமலைக் கள்ளர் அனைவர் மீதும் அது பாய்ந்தது. ஒரு சமூகத்தைக் குற்றப் பழங்குடி என அரசு அறிவித்துவிட்டால் அவ்வறிவிப்பின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் வினவ இயலாது. பதிவு செய்யப்பட்டோர் கைரேகை தர வேண்டும். குறித்த வேளையில் அதிகாரி முன் வர வேண்டும். இருப்பிட மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். இரவில் சாவடியில் படுப்பதும், ராதாரிச் சீட்டு இன்றி வெளியூர் செல்ல இயலாமையும் அக்காலத்தின் மறவா நினைவுகளாயின. மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றே வழங்கினர்.

1920 ஏப்ரல் 3 அன்று கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. கொல்லப்பட்டோருள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் கள்ளர் சார்பில் வாதாடி, அவர்களால் ‘ரோசாப்பூ துரை’ என அன்புடன் அழைக்கப்பட்டார்.

சீரமைப்பின் இரு முகங்கள்

கண்காணிப்பு மட்டுமே பயன் தராது எனக் கருதிய அரசு, அதே காலத்தில் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தையும் முன்னெடுத்தது. தொடக்கப் பள்ளிகள், மாணவர் விடுதிகள், கூட்டுறவுக் கடன் சங்கங்கள், கிணறுகள், நில ஒப்படைப்பு, தோட்டங்களில் வேலைவாய்ப்பு ஆகியன அதன் கூறுகள். ஊர்தோறும் பஞ்சாயத்துகள் அமைக்கப்பட்டு, குற்றம் தடுக்கும் பொறுப்பு ஊரார் மீதே சுமத்தப்பட்டது. வேரூன்றி உழுபவன் களவாடான் என்னும் நம்பிக்கையே இத்திட்டத்தின் அடித்தளம். கல்வி, கடன், தொழில், கண்காணிப்பு என்னும் இதே கூறுகளை இன்றைய மறுவாழ்வுத் திட்டங்களிலும் காணலாம்.

ஆயினும் ஓர் அடிப்படைச் சிக்கல் நீடித்தது. இத்திட்டம் ‘திருத்த’ முனைந்தோருள் பலர் எந்த நீதிமன்றத்திலும் தண்டிக்கப்படாதவர்கள். தண்டனை பெறாதவருக்குத் தண்டனை முடியும் நாளும் இல்லை. நன்னடத்தைக்காகப் பதிவிலிருந்து விலக்குப் பெறலாம் எனினும், அது அதிகாரியின் விருப்பத்தைச் சார்ந்த சலுகையே அன்றி உரிமையன்று.

தனிமனிதரை நோக்கிய சட்டம்

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 562ஆம் பிரிவு, முதன்முறைக் குற்றவாளியை மூன்றாண்டுக்கு மேற்படாத நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க இடமளித்தது. 1936ஆம் ஆண்டின் சென்னை நன்னடத்தைச் சட்டம் இக்கருத்தை விரிவாக்கியது. 1958இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி நன்னடத்தை அலுவலர் குற்றவாளியின் சூழலை விசாரிக்கிறார், மேற்பார்வையிடுகிறார், வேலை தேடித்தர முயல்கிறார். தண்டனையால் விளையும் தகுதியிழப்பும் இச்சட்டப்படி விடுவிக்கப்பட்டவரைத் தொடர்வதில்லை.

குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 வரை நீடித்தமையால், இரு முறைகளும் சுமார் பத்தாண்டுகள் ஒரே மாகாணத்தில் அருகருகே இருந்தன. குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட ஒருவருக்குக் காலவரையறை கொண்ட பிணை கிட்டியது. எக்குற்றமும் மெய்ப்பிக்கப்படாத ஒருவர் பிறப்பின் பெயரால் சாவடியில் படுத்தார். இம்முரண் இரு முறைகளையும் தனித்தனியே நோக்கும்போது புலப்படுவதில்லை.

முத்துராமலிங்கத் தேவர், பி. இராமமூர்த்தி உள்ளிட்டோர் நடத்திய போராட்டங்களைத் தொடர்ந்து 1947இல் மாகாண அளவிலும், 1952இல் நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது. இடையில், 1948ஆம் ஆண்டின் சென்னை வழக்கமான குற்றவாளிகள் சட்டம் கண்காணிப்பைத் தனிநபர் மீது திருப்பியது. பதிவேட்டில் இருந்தோர் சீர்மரபினர் ஆயினர்.

முடிவுரை

கைரேகைப் பதிவேடு மறைந்தது, பள்ளிக்கூடம் நிலைத்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் முந்நூற்றை நெருங்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உள்ளன. இவை உள்ளிட்ட பல துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின்கீழ்க் கொணரும் அறிவிப்பு 2023–24 தமிழக நிதிநிலை அறிக்கையில் வெளியானபோது எழுந்த எதிர்ப்பை வெறும் பெயர்ப் பற்றாகக் கொள்ளலாகாது. திருத்தும் கருவியாக அரசு அளித்ததை ஒரு சமூகம் தன் இழப்புக்கான ஈடாக மாற்றிக்கொண்டுள்ளது என்பதை அவ்வெதிர்ப்பு உணர்த்துகிறது. மறுவாழ்வுத் திட்டங்களை மதிப்பிடுவோருக்கும் இவ்வரலாறு ஓர் அளவுகோல் தருகிறது. ஒரு திட்டம் எத்தனை உதவிகளை அளிக்கிறது என்பதோடு, அதற்குள் ஒருவர் எவ்வாறு கொணரப்படுகிறார், எந்நாளில் அதிலிருந்து வெளியேற உரிமை பெறுகிறார் என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.