நின்ற ஊரில் உட்கார இடம் எங்கே? திருநின்றவூரில் சாப்பிட, குடிக்க, பொழுதுபோக்க ஒரு ரவுண்ட்!

திருநின்றவூர்: சாயங்காலம் 6 மணி. சென்ட்ரலில் இருந்து வரும் மின்சார ரயில் நின்றதுதான் தாமதம், தொங்கிக்கொண்டு வந்த கூட்டம் மொத்தமும் பிளாட்பாரத்தில் இறங்குகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர், ஆவடியில் வெல்டிங் அடித்தவர், பாரிமுனையில் மூட்டை தூக்கியவர், துணிக்கடையில் காலையில் இருந்து நின்று கால் வீங்கிப்போன பெண்... எல்லாருக்கும் பசி ஒன்றுதான். பாக்கெட்டில் இருக்கும் காசுதான் ஆளாளுக்கு வேறு.

50 ரூபாயில் என்ன சாப்பிடலாம்? 100 ரூபாய் இருந்தால் எந்தப் பக்கம் போகலாம்? வயிறு நிறைந்ததும் சிநேகிதனோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச எங்கே இடம்? முதல் ரெண்டு கேள்விக்கும் பதில் சுலபம். மூன்றாவதுதான் இந்த ஊரில் கஷ்டமான கேள்வி.

சென்ட்ரலில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர். பழைய ஆட்கள் இன்றைக்கும் 'தின்னனூர்' என்றுதான் சொல்வார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ந்தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது இந்தப் பாதையில்தான். பேரூராட்சியாக இருந்த ஊர் 2021-ல் நகராட்சி ஆனது. பக்கத்தில் நெமிலிச்சேரி வழியாக வெளிவட்டச் சாலை வந்துவிட்டது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்தாச்சு. இனி ஐ.டி. கூட்டமும் சேரும், கண்ணாடி போட்ட காபி கடைகளும் முளைக்கும். கூடவே கடை வாடகை ஏறும். அது கடைசியில் நம்ம டீ கிளாசில் வந்துதான் நிற்கும்.

முதல்ல ஒரு டீ

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கால் தானாகப் போகும் இடம் டீக்கடைதான். "மாஸ்டர், ஒரு டீ, சக்கரை கம்மியா..." என்ற குரல் ராத்திரி வரை ஓயாது. 2025 செப்டம்பரில் சென்னை டீக்கடைகளில் டீ 15 ரூபாய், காபி 20 ரூபாய் என்று விலை ஏறியதில் இருந்து 'ஒன் பை டூ' கேட்கும் ஆட்கள் கூடிவிட்டார்கள். வாழைக்காய் பஜ்ஜி, மசால் வடை, போண்டா எல்லாம் சாயங்காலம் 4 மணிக்கு மேல் சூடாகக் கிடைக்கும். 7 மணிக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் கிடப்பது ஆறிப்போனது. அதை மறுபடி எண்ணெயில் போட்டுத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்து எண்ணெய் பிழிவது நம்ம ஊர்ப் பழக்கம். அச்சு மை சாப்பாட்டில் ஒட்டி வயிற்றுக்குள் போகும், அதனால் உணவைப் பேப்பரில் மடிக்கவே கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொல்லிவிட்டது. பேப்பரைப் படியுங்கள், பஜ்ஜியை வாழை இலைத் துண்டில் வாங்குங்கள். (பேப்பர்காரர்களே இப்படிச் சொன்னால் எப்படி என்று கேட்காதீர்கள்!)

கையேந்தி பவன் ராஜ்ஜியம்

இருட்ட ஆரம்பித்ததும் தள்ளுவண்டிகளில் பல்பு எரியும். இட்லி, தோசை, முட்டை தோசை, ஆப்பாயில், பரோட்டா, கொத்து பரோட்டா. "அண்ணே, சால்னா கொஞ்சம் தாராளமா ஊத்துங்க" என்றால் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள். 100 ரூபாய்க்குள் ஒரு ஆள் வயிறு நிறைய எழுந்து வரலாம். தப்பு... எழுந்து வர முடியாது, ஏனென்றால் உட்காரவே இல்லையே! தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே தின்பதால்தானே அதற்குக் கையேந்தி பவன் என்று பேர்.

வண்டிக் கடை என்றாலே சுத்தம் இருக்காது என்பது சரியில்லை. கண் முன்னால் சுடுகிறார்கள், கண் முன்னால் மாவு தீருகிறது. சில ஏசி ஓட்டல் சமையல்கட்டுக்கு அந்தக் கண்காட்சி கிடையாது. நாம் பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். எண்ணெய் கருத்துப்போய் நுரைக்கிறதா, தட்டு கழுவும் தண்ணீர் எத்தனை மணியில் இருந்து அதே தண்ணீர், கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டுகிறார்களா. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ல் இருந்தே தடை. வீட்டில் இருந்து தூக்குவாளி கொண்டு போனால் யாரும் கேலி செய்ய மாட்டார்கள். சால்னாவும் கொஞ்சம் கூடுதலாகவே விழும்.

கெட்டுப்போன சாப்பாடு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் படத்தோடு அனுப்பலாம். கடை பெயரும் இடமும் தெளிவாக இருக்கட்டும்.

வண்டிக்காரர்களுக்கும் ஒரு சேதி. தெருவோர வியாபாரிகளுக்கு என்று 2014-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. நகராட்சியில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்கி வைத்திருந்தால், 'எடு வண்டியை' என்று விரட்டும்போது பேச ஒரு பிடிமானம். ஜாமீன் இல்லாத 'ஸ்வநிதி' கடன் 2020-ல் 10 ஆயிரம் ரூபாயில் தொடங்கியது, 2025-ல் முதல் தவணையே 15 ஆயிரம் ஆனது. கந்து வட்டிக்கு அலைவதற்கு முன் பேங்கில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பிரியாணி அண்டா திறந்தாச்சு!

ஞாயிற்றுக்கிழமை மதியம் சி.டி.எச். ரோட்டில் வண்டியை மெதுவாக ஓட்டினாலே மூக்கு வழி சொல்லும். சிவப்புத் துணி கட்டிய அண்டா, பக்கத்தில் தராசு. காசு குறைவு என்றால் குஸ்கா, அதோடு ஒரு அவித்த முட்டை. பிரியாணிக்குப் பேர்போன ஆம்பூரும் இதே ரயில் பாதையில் அரக்கோணம், காட்பாடி தாண்டி இருக்கிறது. சீரகச் சம்பா அரிசியும் கத்தரிக்காய்த் தொக்கும் அந்தப் பக்கத்துக் கைப்பக்குவம். கூட்டம் உள்ள கடையில் 12 மணியில் இருந்து 2 மணிக்குள் வாங்குவதுதான் நல்லது. சாயங்காலம் 5 மணிக்கு அடி அண்டாவைச் சுரண்டுவது வேண்டாமே!

ஷவர்மா, தந்தூரி பக்கம் போகும் இளசுகளுக்கு... பச்சை முட்டையில் அடித்த மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8-ல் இருந்து ஓராண்டு தடை போட்டது அரசு. காரணம் அதில் வளரும் கிருமி. தடை இருக்கோ இல்லையோ, வெயிலில் வெளியே வைத்த மயோனைஸ் ஆகாது.

வடமாநிலத் தொழிலாளர்கள் வந்த பிறகு பானிபூரி வண்டியும் எக் ரோலும் இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் சாதாரணம். பானிபூரியில் பூரியைவிட அந்தப் 'பானி' எங்கே பிடித்தது என்பதுதான் முக்கியம்.

ஏரி மீனுக்கு என்று தனி ரசிகர்கள் உண்டு. ஜிலேபி, கெண்டை, விரால். முள் எடுத்துத் தின்னப் பொறுமை உள்ளவர்களுக்கு மிளகாய்த்தூள் தடவிய ஜிலேபி வறுவலுக்கு இணை கிடையாது. ஆடி மாசம் வந்தால் சாப்பாட்டுச் செலவே மிச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் போதும், யார் என்று கேட்க மாட்டார்கள்.

அம்பத்தூர் பக்கம் வேலை என்றால் மதியத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மாசக் கடைசியில் பலரைக் கரை சேர்த்தது அந்த 8 ரூபாய்தான்.

குடிமகன்கள் கவனத்துக்கு

டாஸ்மாக் கடை மதியம் 12 மணி முதல் ராத்திரி 10 மணி வரை. நாம் சொல்லித்தான் வழி தெரிய வேண்டும் என்று இல்லை. ஆனால் ஒரு கணக்கு மட்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் 10 ஆயிரம் ரூபாய் அபராதம். கம்பெனியில் பாதி மாசச் சம்பளம்! குடித்த பிறகு பாட்டிலை ஏரிக்கரையில் உடைத்துப் போடுவது அதைவிடக் கேவலம். காலையில் செருப்பில்லாமல் மாடு ஓட்டி வருபவர் காலில்தான் அது ஏறும். காலி பாட்டிலைக் கொடுத்தால் 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்குப் பரவியதே இந்தத் தொல்லையால்தான்.

உட்கார எங்கே போவது?

சாப்பாடு ஆச்சு. இனி உட்கார வேண்டும். துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தந்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021-ல். ஊருக்கு அப்படி யாரும் சட்டம் போடவில்லை. டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷத்துக்கு மேல் இருந்தால் அடுத்த டீ சொல்ல வேண்டும். ரயில் நிலையத்தில் பெஞ்சு இருக்கிறது, காற்றும் வரும். ஆனால் டிக்கெட் இல்லாமல் அங்கே உட்கார்ந்து மாட்டினால் குறைந்தது 250 ரூபாய் போய்விடும்.

அதனால் பெரும்பாலானவர்கள் போய்ச் சேரும் இடம் கோயில். பக்தவத்சலப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமகள் வந்து நின்ற ஊர் என்பதால்தான் திருநின்றவூர். தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்று பெயர், சமுத்திரராஜன் அப்படிக் கூப்பிட்டதாக ஐதீகம். திருமங்கையாழ்வார் இந்த ஊரைப் பாடாமலே தாண்டித் திருக்கடல்மல்லைக்குப் போய்விட, பின்னாலேயே போய்ப் பாட்டு வாங்கி வரும்படி தாயார் பெருமாளை அனுப்பியதாகவும் கதை உண்டு. அன்றைக்கே இது வண்டியில் தாண்டிப் போகிற ஊராகத்தான் இருந்திருக்கிறது போல! புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். சும்மா உட்காருவதற்கு என்றால் சாதாரண நாளில் சாயங்காலம் போங்கள்.

இன்னொன்று இருதயாலீசுவரர் கோயில். நம்ம வாசகர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். பூசலாருக்குச் சிவன் கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, கல் அடுக்கி, கோபுரம் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கோயிலுக்கும் கும்பாபிஷேகம். 'அன்றைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார்' என்று சிவபெருமான் ராஜா கனவில் சொல்லிவிட்டாராம். ராஜா இங்கே தேடி வந்தால் கோயிலையே காணோம்! பெரியபுராணம் சொல்லும் கதை இது. இதய நோய் உள்ளவர்கள் வேண்டிக்கொண்டு வருகிறார்கள். வேலை முடிந்து வரும் பெண்களுக்கு விளக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம் கோயில்தான். வழியில் தொல்லை என்றால் 181, ரயிலில் என்றால் 139.

கோயிலும் வேண்டாம் என்றால் மிச்சம் ஏரி. நூற்றுக்கணக்கான ஏக்கர் தண்ணீர். கரைக்குப் பக்கத்தில் ஏரிகாத்த ராமர் கோயில். மழை முடிந்த மார்கழி, தை மாசத்தில் சாயங்காலக் காற்றுக்கு ஈடு இல்லை. செலவும் இல்லை. ஆனால் விளக்கு, பெஞ்சு என்று உட்காருவதற்குத் தோதாக ஒன்றும் அமையவில்லை. இருட்டினால் கிளம்பிவிட வேண்டியதுதான். ஆழம் தெரியாமல் குளிக்க இறங்குவது வேண்டவே வேண்டாம். இதே ஏரி 2015, 2021, 2023 மழையில் ஊரையே மிரட்டியதும் மறக்கக்கூடியது இல்லை. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் வீடு நின்றால் தண்ணீர் எங்கே போகும்?

ஆவடி பருத்திப்பட்டு ஏரியும் ஒரு காலத்தில் சாக்கடை நாறிய இடம்தான். அதைச் சுத்தம் செய்து, நடைபாதை போட்டு, படகு விட்டு 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். ஆவடிக்காரர்களுக்கு வாய்த்தது நகராட்சி ஆகிவிட்ட திருநின்றவூருக்கு ஏன் வாய்க்கக் கூடாது என்று வார்டு கவுன்சிலரைக் கேட்கலாம். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் குழந்தைகளோடு ரயிலேறி ஆவடிக்கே போக வேண்டியதுதான்.

ஞாயிறு லீவு என்றால்

எதிர்ப் பக்கம் ரயிலேறினால் மூன்றாவது ஸ்டேஷன் புட்லூர். நிறைமாதக் கர்ப்பிணியாகப் படுத்த கோலத்தில் அம்மன். குழந்தை வரம் கேட்டு வருபவர்கள் அதிகம். அடுத்தது திருவள்ளூர், வீரராகவப் பெருமாள் கோயில் குளம். அமாவாசை அன்று மட்டும் போகாதீர்கள், நிற்கவே இடம் இருக்காது. அங்கிருந்து பஸ் பிடித்தால் பூண்டி ஏரி. 1944-ல் கட்டிய நீர்த்தேக்கம், சென்னையின் குடிதண்ணீர்த் தொட்டி. மதகு திறந்த நாளில் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் தண்ணீருக்கு முதுகைக் காட்டி செல்பி எடுக்க ஓரத்துக்குப் போகாதீர்கள். பக்கத்திலேயே ஆதிமனிதனின் கல் ஆயுதங்கள் வைத்த மியூசியம், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது உத்தமம். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும்.

சாயங்காலம் திரும்பும்போது திருவள்ளூரில் இருந்தே கிளம்பும் ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். அரக்கோணத்தில் இருந்து வருவதில் ஏறினால் திருநின்றவூர் வரைக்கும் நின்றுகொண்டுதான் வர வேண்டும்.