கணினி விசைப்பலகையின் சிறப்பு விசைகள்

கணினி விசைப்பலகையில் எழுத்து, எண், குறியீடு ஆகியவற்றுக்குரிய விசைகள் தவிர, கட்டளை இடுவதற்கும் பிற விசைகளின் செயலை மாற்றுவதற்கும் பயன்படும் விசைகள் சிறப்பு விசைகள் எனப்படும். ஆங்கில எழுத்து விசைகளின் ஒழுங்கு 19 ஆம் நூற்றாண்டுக்குப் பின் பெரிதாக மாறவில்லை. ஆனால் சிறப்பு விசைகள் எண்ணிக்கையில் கூடியும், இடம் மாறியும், பயன் குன்றியும் வந்துள்ளன.

தட்டச்சுப்பொறிக் காலம்

கிறிஸ்டோபர் சோல்சும் அவரது கூட்டாளிகளும் அமெரிக்காவில் உருவாக்கிய தட்டச்சுப்பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய குவெர்ட்டி விசையமைப்பு இப்பொறியின் வழிவந்ததாகும். இது பெரிய எழுத்துக்களை மட்டுமே அச்சிட்டது. 1878 இல் வெளியான ரெமிங்டன் 2 பொறியில் சிறிய எழுத்துக்களும் ஷிப்ட் விசையும் சேர்க்கப்பட்டன. தாள் சுற்றிய உருளையை இவ்விசை நகர்த்தியதால் 'நகர்த்து' எனப் பொருள்படும் இப்பெயர் அமைந்தது. கணினியில் நகர்த்த உருளை இல்லை. எனினும் பெயர் நிலைத்துவிட்டது.

ஐபிஎம் விசைப்பலகைகள்

1981 இல் வெளியான ஐபிஎம் தனிமேசைக் கணினியின் விசைப்பலகையில் 83 விசைகள் இருந்தன. பத்துச் செயற்பாட்டு விசைகள் இடப்பக்கத்தில் இருந்தன. அம்புக்குறி விசைகள் தனியாக இல்லாமல் எண் விசைகளோடு இணைந்திருந்தன. கண்ட்ரோல் விசை 'ஏ' எழுத்துக்கு இடப்புறத்திலும், கேப்ஸ் லாக் விசை இடைவெளிப் பட்டைக்கு வலப்புறத்திலும் இருந்தன.

1980களின் நடுப்பகுதியில் இந்நிறுவனம் 101 விசைகள் கொண்ட பலகையை அறிமுகப்படுத்தியது. செயற்பாட்டு விசைகள் பன்னிரண்டாகி மேல்வரிசைக்குச் சென்றன. அம்புக்குறி விசைகள் தனியிடம் பெற்றன. கண்ட்ரோல் விசை கீழ் மூலைக்குச் செல்ல, அதன் பழைய இடத்தைக் கேப்ஸ் லாக் பெற்றது. பழைய இடத்துக்குப் பழகிய நிரலாளர் பலர் இவ்விரு விசைகளையும் மென்பொருள் மூலம் இடம் மாற்றிக்கொள்கின்றனர்.

பயன் குன்றிய விசைகள்

ஸ்குரோல் லாக் விசை, அம்புக்குறி விசைகளால் நிலைகாட்டிக்குப் பதிலாகத் திரையிலுள்ள உரையையே நகர்த்துவதற்கென அமைந்தது. சுட்டியின் வருகைக்குப் பின் இதன் தேவை குறைந்தது. எக்செல் போன்ற சில மென்பொருள்களே இதனைப் பயன்படுத்துகின்றன. பிரிண்ட் ஸ்கிரீன் விசை முதலில் திரையிலுள்ள உரையை நேரடியாக அச்சுப்பொறிக்கு அனுப்பியது; பின்னர் திரையைப் படமாக எடுக்கும் விசையாக மாறியது.

பிற்கால மாற்றங்கள்

மைக்ரோசாப்ட் நிறுவனம் 1994 இல் வெளியிட்ட விசைப்பலகையில் விண்டோஸ் விசையும் பட்டி விசையும் இடம்பெற்றன. இதனால் 104 விசை அமைப்பு பரவலானது. ஆப்பிள் நிறுவனம் 2016 இல் சில மடிக்கணினிகளில் எஸ்கேப் விசையையும் செயற்பாட்டு விசைகளையும் நீக்கித் தொடுபட்டையை அமைத்தது. 2019 இல் வெளியான 16 அங்குல மடிக்கணினியில் எஸ்கேப் விசை மீண்டும் தனி விசையாக வந்தது.

2024 இல் மைக்ரோசாப்ட் செயற்கை நுண்ணறிவுக்கான கோபைலட் விசையை அறிவித்தது. பல மடிக்கணினிகளில் இது வலப்பக்கக் கண்ட்ரோல் அல்லது பட்டி விசையின் இடத்தைப் பிடித்தது. சுட்டியைப் பயன்படுத்த இயலாமல், திரைவாசிப்பான் துணையுடன் விசைகளை மட்டுமே கொண்டு கணினியை இயக்கும் பார்வையற்றோருக்கு இத்தகைய இடமாற்றம் இடையூறாகிறது. விரல்கள் பழகிய இடத்தில் விசை இல்லாதபோது, அவர்கள் அச்செயலுக்கு வேறு வழியைப் புதிதாகப் பழக வேண்டியுள்ளது.