அடுக்களையும் வரலாறே

பழைய வீடுகளைப் பற்றி எழுதுவோர் தலைவாசலின் மரவேலைப்பாட்டையும் முற்றத்துத் தூண்களையும் வியந்து எழுதுவர். அடுக்களைப் பக்கம் அவர்தம் பார்வை செல்வதில்லை. அரபியில் அதற்கு 'மத்பக்' என்று பெயர். சமைக்கும் இடம் என்பது பொருள். காயல்பட்டினத்துப் பழைய வீடுகளிலோ அது அதனினும் பெரிது.

காயலில் திருமணத்திற்குப் பின்னரும் பெண் தாய்வீட்டிலேயே வாழ்வது மரபு. வீடும் பெண்மக்களுக்கே வந்து சேரும். ஆகவே உம்மாவும் மகளும் பேத்தியும் ஒரே அடுப்பைச் சுற்றி வாழ்ந்தனர். ஒருத்தி அம்மியில் அரைப்பாள். ஒருத்தி அரிவாள்மணையில் அமர்ந்து மீன் ஆய்வாள். பெண்கள் தெருவுக்கு வராமலே அண்டை வீடுகளுக்குச் செல்ல முடுக்குகள் இருந்தன. அவ்வழியே குழம்புக் கிண்ணமும் நன்மை தீமைச் செய்திகளும் போய் வந்தன.

அந்த நாளைப் போற்றும்போது விறகுப் புகையை மறந்துவிடலாகாது. அதில் கண் கலங்கி, நெஞ்சு வறண்டு இருமியவர்கள் நம் தாய்மார்களே. எனவே அடுக்களையை மாற்றுவது தேவைதான். எதனை மாற்றுவது என்பதே கேள்வி.

இன்று எல்லோரும் விரும்பும் மேடைச் சமையலறைக்கு முன்னோடி எனத்தக்கது, 1926ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் உருவானது. முதல் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் நிலவிய காலம் அது. மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர், ரயில் உணவுப் பெட்டியின் சமையற்கட்டை முன்மாதிரியாகக் கொண்டு அதனை வகுத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. பெண்ணின் உழைப்பையும் நேரத்தையும் மிச்சப்படுத்துவதே அவர் நோக்கம், அது போற்றத்தக்கது. ஆயினும் அது சிறு குடியிருப்பில் ஒருத்தி தனியே நின்று சமைப்பதற்கென அமைந்தது.

அதனைப் பழைய வீட்டிற்குள் அப்படியே திணித்தால் என்ன ஆகும்? என் உறவினர் வீடொன்றில் கண்டேன். முடுக்குக் கதவை அடைத்து அலமாரி வைத்தார்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் வெளியேற வழியின்றிச் சில ஆண்டுகளிலேயே உப்புப் பூத்துச் சுவர் உதிர்ந்தது. தரையில் அமர்ந்தே பழகிய முதிய உம்மா, தமக்கு அங்கு இடமில்லை என்று அறைக்குள் ஒதுங்கிவிட்டார். சுவர் உதிர்ந்ததைக் காட்டிலும் அதுவே பெரிய இழப்பு.

எரிவாயு அடுப்பு வரட்டும். நின்று சமைக்க மேடையும், புகை வெளியேற வழியும், குழாய் நீரும் வரட்டும். பழுதுபட்ட சுவரைச் சுண்ணாம்புக் காரையாலேயே செப்பனிடுக. முடுக்குக் கதவைத் திறந்தே வையுங்கள். மேடைக்கு எதிரே, முதியவர் அமர்ந்து கீரை ஆயத் தாழ்ந்த திண்ணை ஒன்று இருக்கட்டும். கொத்தனாரை அழைக்குமுன் அங்கே நாளெல்லாம் உழைப்பவரைக் கேளுங்கள். அந்த வீட்டின் வரலாற்றை நன்கு அறிந்தவர் அவரே.