அச்சு தேயும் இடம்

சங்க கால உப்பு வணிகரான உமணர்கள் தங்கள் வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு போனார்கள். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அதைச் 'சேமவச்சு' என்கிறார். அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு அதை உவமையாக்குகிறார். மேடுபள்ளத்தில் முதல் அச்சு முறியலாம் என்ற முன்கணக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. திருக்குறளிலும் பாரம் மிகுந்தால் இற்றுப்போகும் பொருளாக அச்சு வருகிறது. வண்டியின் உறுப்புகளில் இவ்வளவு கவலையோடு பேசப்பட்டது வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை.

அச்சை வடமொழி 'அக்ஷ'த்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. இலத்தீன் 'ஆக்சிஸ்', ஆங்கில 'ஆக்ஸில்' எல்லாம் அந்தக் குடும்பம்தான். வேர் எதுவானாலும், நம் வண்டிக்காரர்கள் அதைச் சுற்றி ஒரு சொற்கூட்டமே வளர்த்தார்கள்: சக்கரத்தின் நடுவே குடம், குடத்திலிருந்து ஆரக்கால், சக்கரம் கழலாமல் காக்கக் கடையாணி. குடமும் அச்சும் உரசும் இடத்துக்கு மசகு. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த கறுப்பு மை. இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் இன்று கச்சா எண்ணெயையே 'மசகு எண்ணெய்' என்று எழுதுகின்றன.

மோட்டார் வண்டியோடு அந்த உரசும் இடத்துக்கு 'பேரிங்' வந்தது. பாடநூல் 'தாங்கி' என்கிறது. பட்டறையில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. "பேரிங் கத்துது", "பேரிங் போச்சு" என்பதுதான் அங்கே பேச்சு. இந்தப் பொருளை வளர்த்தவர்களில் ஒருவரும் வண்டி செய்தவரே. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன், 1898இல் கூம்பு உருளை பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி திரும்பும்போது சக்கரத்தின் மேல் பக்கவாட்டிலும் பாரம் விழும். மேலிருந்து அழுத்தும் பாரத்தோடு அதையும் சேர்த்துத் தாங்கவே உருளைகளுக்கு அந்தக் கூம்பு வடிவம். கார்களின் அச்சுக்கும் அது அப்படியே பொருந்திற்று.

எவ்வளவு நாள் தாங்கும்? ஜெர்மனியில் ரிச்சர்டு ஸ்டிரிபெக் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பேரிங்குக்குள் உருளும் எஃகுக் குண்டுகள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதிக்கத் தொடங்கினார். பின்னர் வந்த ஆயுள் சோதனைகளில் ஒரு புதிர் தெரிந்தது. ஒரே எஃகில், ஒரே அளவில் செய்த பேரிங்குகளை ஒரே பாரத்தில் ஓட்டினாலும், சில சீக்கிரமே செதில் உதிர்ந்தன. சில பல மடங்கு ஓடின. 'இந்த பேரிங்கின் ஆயுள் இவ்வளவு' என்று தனியொன்றுக்குச் சொல்ல வழியில்லை. ஸ்வீடன்காரர் ஆர்விட் பால்ம்கிரென் 1924இல் கணக்கைக் கூட்டத்தின் மேல் வைத்தார்: நூற்றில் 90 தாண்டிவிடும் சுற்றுகளின் எண்ணிக்கையே ஆயுள். குண்டு பேரிங்கில் பாரத்தை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகும். உமணர் அனுபவத்தால் அறிந்து ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு போன விஷயம் இங்கே எண்ணாகிவிட்டது.

நெய்வேலியில் இந்தக் கணக்கு மணலைச் சந்திக்கிறது. 1957 மே 20இல் நேரு தொடங்கிவைத்த முதல் சுரங்கம், மேல்மண்ணை அகற்றிப் பழுப்பு நிலக்கரியைத் தொட்டது 1961 ஆகஸ்டில். மண்ணை வெட்டும் பெரிய வாளிச்சக்கர எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. வெட்டியதைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டின் அடியில் வரிசை வரிசையாக ரோலர்கள். ஒவ்வொன்றின் இரு முனையிலும் பேரிங். கடலூர் மணற்கல் எஃகையே அரிக்கும் தன்மையது. அதன் தூசியும் ஐப்பசி மழைநீரும் பேரிங்கை மூடிக் காக்கும் 'சீலை'த் தாண்டி உள்ளே போனால், எஃகு சோர்ந்து செதில் விடும்வரை பேரிங் காத்திருக்காது. கிரீஸ் கெட்டு, அதற்கு வெகுமுன்பே இறுகிவிடும். இறுகிய ரோலரின் மேல் பெல்ட் உரசினால் தீப்பிடிக்கக்கூட வாய்ப்புண்டு. அதனால் இத்தகைய ரோலர்களுக்குப் பாரச் சோதனை மட்டும் போதாது. தூசி நுழைகிறதா, நீர் நுழைகிறதா என்ற சோதனைகளும் வேண்டும். சுரங்கத்தில் பேரிங்கின் வாழ்நாளைப் பெரும்பாலும் முடிவுசெய்வது அந்தச் சீல்தான்.