டெலிபோன் வயரும் ரேடியோவும் - ஒரு பழைய பங்காளிச் சண்டை

2007ல செம்பரம்பாக்கத்துக்குக் குடிவந்த புதுசு. பகலெல்லாம் பிராட்பேண்ட் சமர்த்தா ஓடும். பொழுது சாஞ்சா மோடத்துல டிஎஸ்எல் விளக்கு மினுக்க ஆரம்பிச்சுடும். லைன்மேன் அண்ணன் வர்றதோ பகல்ல. "நல்லாத்தானே சார் இருக்கு"ன்னுட்டுப் போயிடுவார். எனக்குன்னா கடுப்பு.

விஷயம் புரியணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

நம்ம ஊரில் ரேடியோ தொடங்கியது 1924ல். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று ஆரம்பித்த மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப். அது பணமில்லாமல் படுத்ததும் மாநகராட்சி 1930ல் எடுத்து நடத்தியது. 1938 ஜூன் 16ல் அகில இந்திய வானொலி வந்தது. பின்னாளில் ஆவடியில் பெரிய டிரான்ஸ்மிட்டர்கள் நின்றன. சென்னை 'ஏ' நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸைக் கேட்காத வீடு உண்டா?

அத்தனை வருஷமும் டெலிபோன் வயருக்கும் ரேடியோவுக்கும் பெரிய தகராறில்லை. பேச்சுக்கு 3.4 கிலோஹெர்ட்ஸ் போதுமே. வினை வந்தது ஏடிஎஸ்எல்லோடு. 1995ல் அமெரிக்காவில் தரமாக்கப்பட்ட அந்த நுட்பம், அதே செம்புக் கம்பியில் 1104 கிலோஹெர்ட்ஸ் வரை டேட்டாவை ஏற்றியது. மீடியம் வேவ் தொடங்குவதோ 531ல். ஒண்டுக் குடித்தனம்!

வடிவமைத்தவங்க இது தெரியாதவங்க இல்லை. அலைவரிசையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளா நறுக்கினாங்க. இணைப்பு எடுக்கும்போதே மோடம் ஒவ்வொரு துண்டிலும் இரைச்சலை அளந்து, அதுக்குத் தக்கபடி பாரம் ஏத்தும். 720 வர்றது 167ஆவது துண்டு. அங்கே சத்தம் பலமா இருந்தா அதைக் காலியா விட்டுடும்.

அப்புறம் ராத்திரி என்ன கேடு? பகலில் வெயில் உண்டாக்கும் 'டி' அடுக்கு மீடியம் வேவை விழுங்கிவிடும். இருட்டினதும் அது கலைய, எங்கெங்கோ இருக்கும் நிலையங்களெல்லாம் மேலே பட்டுத் திரும்பி வந்து இறங்கும். சின்ன வயசுல ராத்திரி சிலோன் ரேடியோ தேடினவங்களுக்கு இது தெரியும் :-) பகல் கணக்கில் பாரம் ஏத்தின மோடம் திணறி, இணைப்பை விட்டுட்டு மறுபடி எடுக்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளியிருக்கும் எங்களை மாதிரி ஊர்க்கோடி ஆசாமிகளுக்கு சிக்னலே இளைச்சுத்தான் வரும். அடி அதிகம்.

வேல்ஸில் அபர்ஹோசன் கிராமத்தில் பதினெட்டு மாசம் தினமும் காலை 7 மணிக்கு பிராட்பேண்ட் படுத்ததாம். கேபிளை மாற்றியும் பயனில்லை. பொறியாளர்கள் விடிகாலையில் கருவியோடு தெருத்தெருவா நடந்தபோதுதான், ஒரு வீட்டுப் பழைய டிவி மாட்டியது. 2020ல் சேதி வெளிவந்தது. பகல்ல வந்து பார்த்திருந்தா அவங்களும் "நல்லாத்தானே இருக்கு"ன்னுதான் சொல்லியிருப்பாங்க.

கிரகாம் பெல் 1881லேயே இரண்டு கம்பிகளை முறுக்கி விடும் யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். முறுக்கினால் இரண்டிலும் ஒரே இரைச்சல் ஏறி, ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். என் வீட்டு மாடி போனுக்கு நானே இழுத்திருந்தது முறுக்கில்லாத தட்டை வயர், முப்பது அடி. சுத்தமான ஏரியல்!

அதைக் கழற்றிய ராத்திரி விளக்கு மினுக்கவேயில்லை. லைன்மேன் அண்ணன் மேல் நான் எழுதிக் கொடுத்த புகார் மட்டும் ஏற்கெனவே மேலே போயிருந்தது.